நெஞ்செரிச்சலுக்கு அதிமதுரம்: ஒரு வேர் மாத்திரையாகி மறைந்த வரலாறு, நிகழ்வு ஆய்வு

நெஞ்செரிச்சலுக்கு அதிமதுரப் பொடி சாப்பிடலாமா என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். மூலிகைதானே, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்பார்கள் சிலர். அதெல்லாம் வெறும் நம்பிக்கை, கேஸ் மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்பார்கள் மற்றவர்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் 1946-லிருந்து 1990 வரை மெனக்கெட்டுப் பதில் தேடியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் ஒரு சின்ன ஊர் மருந்துக்கடையில் தொடங்கி, அந்த வேரின் சத்து மாத்திரையாகி, உணவுக்குழாய்ப் புண்ணுக்கென்றே டாக்டர்கள் அதை எழுதிக்கொடுத்து, அது நோயாளிகளின் ரத்த அழுத்தத்தை ஏற்றி, கடைசியில் சந்தையைவிட்டே போனதுவரை எல்லாம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிமதுரத்தில் உணவுக்குழாயைக் காக்கும் சரக்கு உண்டு. ஆனால் அதை அளந்து எடுத்து, உணவுக்குழாயோடு ஒட்டிக் கொஞ்ச நேரமாவது நிற்கிற மாதிரி செய்து கொடுத்தபோதுதான் அது பலித்தது. தண்ணீரில் கலக்கி மடக் மடக் என்று குடிக்கிற பொடி அந்த இடத்தில் நிற்பதே இல்லை, பக்கவிளைவை உண்டாக்கும் சத்து மட்டும் முழுசாக ரத்தத்துக்குப் போய்விடுகிறது.

சரி, புண் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரைப்பையின் உள்சுவரில் கெட்டியான கோழைப் படலம் இருக்கிறது, அதற்கு அடியில் பைகார்பனேட் சுரந்துகொண்டே இருப்பதால் அமிலம் சுவரைத் தொடுவதற்குள் அடங்கிவிடும். உணவுக்குழாய்க்கு அந்த மாதிரி கோழைப் போர்வை கிடையாது. வாயின் உட்பக்கத்தைப் போல அடுக்கடுக்கான தட்டைச் செல்கள்தான் அதன் உறை. அதைக் காப்பாற்றுவது மூன்று விஷயங்கள்: கீழ்முனையில் இறுக்கிப் பிடித்திருக்கும் தசை வளையம், நாம் விழுங்கும்போது மேலே வந்ததைக் கீழே தள்ளிவிடும் அலை, அப்புறம் எச்சில். தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் குறையும், விழுங்குவதும் குறையும், படுத்திருப்பதால் கீழே இழுக்க ஈர்ப்பு விசையும் இல்லை. அதனால்தான் ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறவருக்கு, பகலில் நாலு தடவை புளித்த ஏப்பம் விடுகிறவரைவிட அதிகமாகச் சேதம் ஆகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமிலம் மேலேயிருந்து சுட்டுச் சுட்டுப் புண்ணாக்குகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2016-ல் அமெரிக்காவின் டாலஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். ஆசிடைக் குறைக்கும் மாத்திரையால் புண் ஆறியிருந்த 12 பேரிடம் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, உணவுக்குழாயிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி உறையின் ஆழமான அடுக்குகளில் தொடங்கியிருந்தது, மேல் அடுக்கு பல இடங்களில் சேதமாகாமலே இருந்தது. அப்படியென்றால், மேலே ஏறும் அமிலத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினையும் இந்தச் சேதத்தில் பங்காளி. ஆசிடைக் குறைப்பது மட்டும்தான் வழியா, உறையையே பலப்படுத்த முடியாதா என்று கேட்பவர்கள் ஒன்றும் அசட்டுத்தனமாகக் கேட்கவில்லை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹீரன்வீன், 1946

நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் இருக்கும் ஊர் ஹீரன்வீன். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் அதிமதுர வேரின் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய கறுப்புச் சரக்கைக் கொண்டு வயிற்றுக்கோளாறுக்கு ஒரு மருந்து செய்து விற்றுவந்தார். அல்சர்காரர்கள் அதைச் சாப்பிட்டு நன்றாகிவிட்டதாகச் சொல்வதைக் கேட்ட ரெவர்ஸ் என்ற டாக்டர், மற்ற டாக்டர்கள் செய்வதுபோல உதறித் தள்ளாமல், தானே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வலி குறைந்தது, புண் ஆறுவது எக்ஸ்ரேயிலும் தெரிந்தது. 1946-ல் டச்சு மருத்துவ இதழில் எழுதினார்.

எனக்கு அவர்மேல் மரியாதை வருவது அதற்கடுத்து அவர் செய்ததால். மருந்து சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகாலும் வீங்கின, தலைவலி, மூச்சுத்திணறல் என்றும் சொன்னார்கள். அதையும் மறைக்காமல் அதே சூட்டில் எழுதிவைத்தார். நெதர்லாந்தில் அதிமதுர மிட்டாயைப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள்வரை வாயில் போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், அப்படிப்பட்ட ஊரில் இதைச் சொல்வது எளிதாக இருந்திருக்காது. இன்றைக்கு மூலிகை பற்றி எழுதுகிறவர்கள் ஐந்தில் நான்கு பேரின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், வீங்கிய அந்த ஒருவரைக் காணோம்.

வீக்கம் ஏன் வருகிறது என்று ஆம்ஸ்டர்டாமில் போர்ஸ்ட் என்ற பேராசிரியரின் குழு துருவியது. அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது என்று 1950-ல் காட்டினார்கள். உப்பைத் தேக்கும் ஹார்மோன் பற்றாமல் அவதிப்படும் அடிசன் நோயாளிகளுக்கு இதையே மருந்தாகக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒரு விசித்திரம். அட்ரினல் சுரப்பி சுத்தமாக வேலைசெய்யாதவர்களுக்கு அதிமதுரம் தனியாகப் பலிக்கவில்லை, கார்டிசோன் என்ற அட்ரினல் ஹார்மோன் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பலித்தது. இது 1953-ல் தெரிந்த செய்தி. அதன் அர்த்தம் விளங்க இன்னும் 34 வருடம் ஆனது.

லண்டனில் வேர் மாத்திரையானது

வேரில் இனிப்பைத் தருவது கிளிசரைசின். சர்க்கரையைவிட சுமார் 50 மடங்கு இனிப்பு. அதிலிருந்து கிடைக்கும் கிளிசரெட்டினிக் அமிலத்தைக் கொஞ்சம் மாற்றியமைத்து லண்டனின் பயோரெக்ஸ் ஆய்வகம் ஒரு மருந்து செய்தது. கார்பினாக்ஸலோன் என்று பெயர். 1962-ல் அதை முறையாகச் சோதித்தவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் டால், புகைபிடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று நிறுவினாரே, அதே டால்தான். மூலிகையை அலட்சியமாகப் பார்க்கும் டாக்டர்கள் இந்தப் பெயரை ஒரு நிமிடம் நினைத்துப்பார்க்க வேண்டும். இரைப்பைப் புண்ணை அந்த மருந்து வேகமாக ஆற்றியது. அது ஆசிடைக் குறைக்கவே இல்லை. கோழைச் சுரப்பைக் கூட்டியது, உறைச் செல்களின் ஆயுளை நீட்டியது, உறையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சிதைவதைத் தடுத்தது. அல்சரைக் குணப்படுத்துவதாகச் சோதனையில் நிரூபணமான முதல் மருந்துகளில் ஒன்று, வேரிலிருந்து வந்தது.

ஆனால் வீக்கமும் கூடவே வந்தது. ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது, வயதானவர்களுக்கு இன்னும் மோசம்.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இங்கேதான் வருகிறது. பக்கவிளைவைத் தடுக்க எளிய வழி இருப்பதாகத் தோன்றியது: உப்புத் தேங்குவதை நேரடியாக மறிக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் போயிற்று. டாலும் அவருடைய சகாக்களும் 1968-ல் அதைச் சோதித்தார்கள். வீக்கம் நின்றது, கூடவே புண் ஆறுவதும் நின்றுவிட்டது. தயசைட் வகை நீர் மாத்திரை அப்படிப் பலனைக் கெடுக்கவில்லை, ஆனால் அது பொட்டாசியத்தை மேலும் இறக்கும் என்பதால் தனியாகப் பொட்டாசியம் கொடுக்க வேண்டியிருந்தது. அதாவது குணமும் கெடுதலும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளாக இருந்தன, கெடுதலை மூலத்திலேயே அறுத்தால் குணமும் போய்விடும். நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு கெட்டதைத் தூக்கிப்போடலாம் என்று பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன்.

உணவுக்குழாய்க்கு வந்தபோது

இரைப்பையில் மருந்து தங்கும். உணவுக்குழாயில் தங்காது, விழுங்கியது பத்து நொடிக்குள் கீழே போய்விடும். புண் மேலே இருக்கிறது, மருந்து அதைக் கடந்துபோகிறது. இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடையும் ஒரு தாவரத்திலிருந்துதான் வந்தது, இந்த முறை கடலிலிருந்து. பழுப்புக் கடல்பாசியில் ஆல்ஜினேட் என்ற பசை இருக்கிறது, 1881-ல் ஸ்டான்ஃபோர்ட் என்ற வேதியியலாளர் அதைப் பிரித்தெடுத்தார். நம் மன்னார் வளைகுடாவிலும் அந்தப் பாசி உண்டு. மண்டபம், பாம்பன் பக்கம் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று பெயர் சொல்லிப் பறித்துக் கரையில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள், அதெல்லாம் ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போகிற சரக்குதான்.

ஆல்ஜினேட்டோடு சமையல் சோடாவும் சேர்ந்த மருந்தை ஒரு கண்ணாடி டம்ளரில் நீர்த்த அமிலத்தின்மேல் ஊற்றினால் என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் வெள்ளையாகக் கலங்கும். பசை அமிலத்தில் பட்டதும் ஜெல்லாக உறையும், சோடாவிலிருந்து வரும் வாயுக்குமிழிகள் அதற்குள் மாட்டிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் நுரைத்த வெள்ளைத் தட்டு ஒன்று மேலே மிதந்து வந்து நிற்கும், அடியில் அமிலம் தெளிவாக இருக்கும். வயிற்றிலும் இதே கதைதான். அமிலத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் அந்தத் தட்டு மிதக்கிறது, மேலே எதுக்களித்து வந்தாலும் முதலில் ஏறுவது அமிலமில்லாத அந்த ஜெல்தான்.

இந்த ஜெல்லோடு கார்பினாக்ஸலோனைச் சேர்த்துச் செய்ததுதான் பைரோகாஸ்ட்ரோன். மாத்திரைக்கு 20 மில்லிகிராம் கார்பினாக்ஸலோன், மீதி ஆல்ஜினிக் அமிலமும், அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிடுகளும். அப்படியே விழுங்கக் கூடாது, மென்று எச்சிலோடு குழைத்து இறக்க வேண்டும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கப்போகும்போதும். ஜெல் மேலே வரும்போதெல்லாம் மருந்தும் கூடவே வந்து புண்ணைத் தடவும் என்பது கணக்கு. 1978-ல் வந்த ஒப்பீட்டு ஆய்வில் வெறும் ஆல்ஜினேட் ஆன்டாசிடைவிட இந்தக் கலவையில் புண் ஆறுவது கூடுதலாக இருந்தது. 1990-ல் ஒரு பிரிட்டிஷ் குழு இதை சிமெடிடினோடு, அதாவது ஆசிடையே குறைக்கும் மாத்திரையோடு, நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோதும் இது பெரிதாகப் பின்தங்கவில்லை.

அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய செய்தி. ஆசிட் சுரப்பதைக் குறைக்காமல், உறையைக் காத்தே, உணவுக்குழாய்ப் புண்ணை ஆற்ற முடியும் என்று காட்டியாகிவிட்டது, அதுவும் ஒரு வேரும் ஒரு கடல்பாசியும் சேர்ந்து.

அப்புறம் ஏன் இந்த மருந்தை யாரும் கேள்விப்பட்டதில்லை? 1976-ல் சிமெடிடின் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது, 1988-ல் ஐரோப்பாவில் ஆசிடை இன்னும் பலமாகக் குறைக்கும் ஒமெப்ரசோல் வந்தது. ரத்த அழுத்தம் ஏறுமோ, பொட்டாசியம் இறங்குமோ என்ற கவலை இல்லாமல், தினம் ஒரு மாத்திரையில் கடுமையான புண்ணும் பெரும்பாலானவர்களுக்கு எட்டு வாரத்தில் ஆறுகிறது என்றால் டாக்டர் எதை எழுதுவார்? சதி எல்லாம் ஒன்றுமில்லை. சிமெடிடினிடம் அந்த மருந்து பாதுகாப்பில் தோற்றது, பலனில் தோற்கவில்லை.

1987: ஏன் வீங்கினார்கள் என்று தெரிந்தது

அட்ரினல் சுரக்கும் கார்டிசால், உப்பைத் தேக்கும் ஏற்பியிலும், அதாவது உப்பைத் தேக்கும் ஹார்மோன் வந்து உட்காரும் இடத்திலும், உட்கார்ந்துகொள்ளக் கூடியது. சிறுநீரகத்தில் ஒரு நொதி அதை உடனுக்குடன் கார்டிசோனாக மாற்றி அங்கே உட்காரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. எடின்பரோவில் ஸ்டூவர்ட், எட்வர்ட்ஸ் முதலானோர் 1987-ல் காட்டியது, அதிமதுரம் அந்த நொதியை முடக்குகிறது என்பதை. காவல் போனதும் கார்டிசாலே உப்புத் தேக்கும் வேலையைச் செய்ய ஆரம்பிக்கிறது. 1953-ன் விசித்திரமும் இதோடு விளங்கிவிட்டது: அட்ரினல் சுத்தமாக இல்லாதவரிடம் கார்டிசாலே இல்லையே, மருந்தாகக் கொடுக்கும் கார்டிசோன் உடம்பில் கார்டிசாலாக மாறினால்தான் உண்டு, அது இல்லாமல் அதிமதுரம் எதை அவிழ்த்துவிடும்?

இப்போது நாட்டு மருந்துக்கடைப் பொடிக்கு வருவோம். அதிமதுரம் நம் ஊரில் பெரிதாக விளைவதில்லை, பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிறது. வேரில் கிளிசரைசின் எவ்வளவு என்பது விளைந்த இடத்தைப் பொறுத்து 2 சதவீதத்திலிருந்து 9 சதவீதம்வரை மாறும், பொட்டலத்தில் அது எழுதியிருக்காது. நடுவாக 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம் பொடி சாப்பிட்டால் 200 மில்லிகிராம் உள்ளே போகிறது. தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003-ல் சொல்லியிருக்கிறது. இரண்டு மடங்கு ஆகிவிட்டது பாருங்கள், அதுவும் தேநீர், இருமல் லேகியம், மென்று துப்பும் கட்டை எதையும் கணக்கில் சேர்க்காமல்.

அந்த 200 மில்லிகிராம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். உணவுக்குழாயைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் கிளிசரைசினை உடைத்து கிளிசரெட்டினிக் அமிலமாக்குகின்றன, அது அங்கிருந்தே ரத்தத்தில் ஏறி சிறுநீரகத்துக்குப் போகிறது. புண் இருக்கும் இடத்துக்கு வேலைசெய்கிற சரக்கு போய்ச்சேரவே இல்லை, நொதி இருக்கும் இடத்துக்குச் சரியாகப் போகிறது. லண்டன்காரர்கள் அதை மாற்றியமைத்ததும், ஜெல்லில் கட்டியதும், மெல்லச் சொன்னதும் வீண் வேலை இல்லை.

பொடி குடித்ததும் இதமாக இருக்கிறதே என்பார்கள். இருக்கும். இனிப்பு எச்சிலைச் சுரக்க வைக்கிறது, எச்சில் அமிலத்தைத் தணிக்கிறது, நாலு மடக்குத் தண்ணீர் மேலே வந்ததைக் கழுவி இறக்குகிறது. அந்த இதம் உண்மைதான், ஆனால் அதற்காக தினமும் கிளிசரைசின் சாப்பிட வேண்டியதில்லை. சாப்பிட்ட பிறகு சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மென்றாலும் எச்சில் ஊறும்.

யாருக்கு இது ஆபத்து என்று பட்டியல் போட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் பாதிப் பேர் அதில் வந்துவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக நீர் மாத்திரை சேர்ந்தது. இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுகிறவர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள். நெஞ்செரிச்சல் அதிகம் வருவதும் ரத்த அழுத்தம் அதிகம் இருப்பதும் அநேகமாக ஒரே வயசுக்காரர்களுக்குத்தான், அதனால் இந்த இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வருவது சாதாரணம். பொட்டாசியம் இறங்கும்போது முதலில் தெரிவது கால் கனப்பது, தசை பிடித்துக்கொள்வது, மாடி ஏற முடியாத அசதி. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாவது அடுத்த கட்டம். 2020-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர் சில வாரங்கள் தினமும் அதிமதுர மிட்டாயே சாப்பிட்டு, பொட்டாசியம் இறங்கி, இதயம் நின்று இறந்துபோனதை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் விவரமாக வெளியிட்டது. அது மிட்டாய்தான், மருந்துகூட இல்லை.

கிளிசரைசினை நீக்கிய அதிமதுரம் என்று மாத்திரைகள் கிடைக்கின்றன. பழைய காவெட்-எஸ் மாத்திரை அந்த வகை, 1982-ல் இரைப்பைப் புண்ணில் சிமெடிடினுக்குச் சமமாக நின்றது, ஆனால் அதில் ஆன்டாசிடுகளும் கலந்திருந்தன, எது எவ்வளவு வேலைசெய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அந்த ஆய்வு இரைப்பையைப் பற்றியது, உணவுக்குழாயைப் பற்றியது அல்ல. ரத்த அழுத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்பது அந்த மாத்திரைகளின் நிஜமான நன்மை. உணவுக்குழாய்ப் புண்ணை ஆற்றும் என்று அட்டையில் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இதற்கிடையில் இந்தக் கதையின் இன்னொரு பாதி, கடல்பாசி, இன்றும் நன்றாகவே இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இரைப்பையின் மேல்முனையில் உணவோடு கலக்காத அமிலக் குட்டை ஒன்று தேங்குகிறது என்று 2001-ல் கிளாஸ்கோவில் கண்டுபிடித்தார்கள், சாப்பிட்டவுடனே நெஞ்சு எரிவது ஏன் என்பது அதில் விளங்கியது. ஆல்ஜினேட் ஜெல் சரியாக அந்தக் குட்டையின் இடத்திலேயே போய் உட்காருகிறது என்று 2013-ல் ஆம்ஸ்டர்டாமில் படம்பிடித்துக் காட்டினார்கள். காவிஸ்கான் போன்ற சிரப்புகள் இதுதான். லேசான நெஞ்செரிச்சலுக்கும், கேஸ் மாத்திரை சாப்பிட்டும் ராத்திரி கொஞ்சம் மிச்சமிருக்கும் எரிச்சலுக்கும் தாவரத்திலிருந்து வந்த ஒன்றுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதை. சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தால் பிரயோஜனம் குறைவு, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும்தான் குடிக்க வேண்டும், குடித்தபின் மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது. சோடியம் இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

எந்த மூலிகையையும் முயன்று பார்க்கக் கூடாத இடமும் உண்டு. விழுங்கும்போது சோறு நெஞ்சில் சிக்குகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம், ரத்தசோகை. இதில் ஒன்று இருந்தாலும் நேரே எண்டோஸ்கோபிதான். பல வருடம் எதுக்களித்துக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்கு உணவுக்குழாயின் உறை மாறி, குடல் உறை மாதிரி ஆகிவிடுகிறது, பாரெட் உணவுக்குழாய் என்பார்கள், புற்றுநோய்க்கு அது ஒரு முன்படி. எரிச்சல் குறைந்துவிட்டது என்பதை வைத்து அந்த மாற்றம் நின்றுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. மாறிய உறைக்கு அமிலம் அவ்வளவாக உறைக்காது என்பதால் எரிச்சல் தானாகவே குறைவதும் உண்டு.

ஏற்கெனவே அதிமதுரம் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை. ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று ஒரு சின்னப் பரிசோதனை, எந்த லேபிலும் செய்வார்கள். நிறுத்திய அன்றே எல்லாம் சரியாகிவிடாது, முடங்கிய நொதி பழையபடி வேலைக்கு வர இரண்டு வாரம்வரைகூட ஆகும், அதனால் நிறுத்தி இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவையும் பார்த்துவிடுவது நல்லது.